ஆறு சுங்கான் தூரம்

உப்பு வெளிக்குள் இறங்குகிற எவரும் முதலில் கேட்பது, நல்ல தண்ணீர் எங்கே என்பதைத்தான். எங்கள் வழிகாட்டி ஒனெசீமைக் கேட்டால், "படுத்த எருமைலேருந்து ஆறு சுங்கான். அப்புறம் இடது கைப்பக்கம் திரும்பு" என்பார்.

படுத்த எருமை என்பது ஒரு பாறை. அந்த வெட்டவெளியில் தரையை விட்டுத் தலை தூக்கியிருப்பது அது ஒன்றுதான். ஆறு சுங்கான் என்றால், சுங்கானில் ஆறு முறை புகையிலை அடைத்துப் பிடித்துத் தீர்க்கும் வரை வண்டி மாட்டின் கூடவே நடக்கிற தூரம். எங்கள் ஆட்கள் நிலத்தை அப்படித்தான் அளப்பார்கள். கம்பெனிக் கணக்கர் மைல் சொல்லும்போது மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வோம். வெளியே வந்ததும், "அது எத்தன சுங்கான்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு: யாருடைய சுங்கான்? அதே ஊற்றை எங்கள் வண்டிக்காரன் மொயீஸின் அப்பா ஒன்பது சுங்கான் என்பாராம். மொயீஸ் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒனெசீம் விடமாட்டார்.

"உங்கப்பன் கொல்லன் துருத்தி மாதிரி இழுப்பான்டா. அவனுக்கு ஒம்பதென்ன, பதினெட்டும் ஆவும்."

"செத்துப்போன மனுஷன பொய்யன்னு சொல்றீங்களே அண்ணே!"

"பொய்யன்னு எங்கடா சொன்னேன்? மூச்சு ஜாஸ்தின்னு சொன்னேன்."

இந்தப் பேச்சு வருஷா வருஷம் அதே பாறையடியில் நடக்கும். நாங்களும் வருஷா வருஷம் சிரிப்போம். பிறகு ஒனெசீம் சொன்ன ஆறாவது சுங்கானில் இடது பக்கம் திரும்புவோம். பள்ளத்தில், ஈரம் உள்ள இடத்தில் மட்டும் வளரும் வில்லோப் புதர்களும் நடுவில் ஊற்றும் இருக்கும். அவர் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

தப்பிய ஒரே வருஷத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் கேரி கோட்டையிலிருந்து மேற்கே சஸ்காச்சுவன் ஆற்றங்கரைக்குச் சரக்கு ஏற்றிப் போனோம். தேயிலை, கம்பளித் துணி, ஆணி, வெடிமருந்து. வண்டித் தொடருக்குத் தூசான் தலைவர். வழிகாட்டி என் மாமனார் ஒனெசீம். எல்சி என்கிற எனக்கு நான்கு வண்டிகள்; முன்வண்டியின் பின்கட்டையில் அடுத்த மாட்டைக் கட்டிவிட்டால் நான்கையும் ஒருவனே ஓட்டிக்கொண்டு போகலாம். என் மனைவி மெலானியும் கூட வந்தாள். ரொட்டி சுடுவது, அறுந்த தோல்வாரை நனைத்துக் கட்டுவது எல்லாம் அவள் வேலை. வண்டிப் பயணம் அவளுக்குப் புதிதில்லை. அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது அம்மா செத்துப்போனாள். அதன்பின் அப்பாவின் முதல் வண்டிதான் அவளுக்கு வீடு. அதற்குள் படுத்து, அதற்குள் விளையாடி, அந்த அச்சு கிறீச்சிடுகிற சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள். இப்போதும் அந்தச் சத்தம் நின்றால்தான் அவளுக்கு விழிப்பு வரும்.

உப்பு வெளிக்கு முன்னால் ஓர் ஓடை. கரை செங்குத்து. ஏறும்போது ஒரு வண்டி பின்வாங்கியது. கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் போடக் குனிந்த மெலானியின் வலது பாதத்தின் மேல் சக்கரம் ஏறி இறங்கியது. எலும்பு முறியவில்லை. ஆனால் தோல் பிய்ந்து புண்ணாகி, மறுநாளே கணுக்கால் வரை வீங்கிச் சிவந்தது. காய்ச்சலும் வந்துவிட்டது. அவள் அப்பாவின் முதல் வண்டியிலேயே காட்டெருமைத் தோல் விரித்துப் படுக்கவைத்தோம். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் நான் புண்ணைக் கழுவிக் கட்டினேன். வேறு மருந்து எங்களிடம் இல்லை.

அன்று மாலை ஒனெசீம் வண்டிகளுக்குப் பின்னால் தனியே போய் மண்டியிட்டதைப் பார்த்தேன். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாகச் சுங்கானைத் தேடிப் போகிற கை முழங்காலின் மேலேயே கிடந்தது.

"புனித அன்னம்மாளுக்கு நேந்துகிட்டேன் மாப்ள. மெலானி அந்தக் கால ஊனி நிக்கற வரைக்கும் புகை இழுக்கமாட்டேன்."

"மாமா, வேற எதையாச்சும் நேந்திருக்கலாமே. நீங்க புகையில்லாம..."

"விட முடியாதது எதுவோ அதத்தானே குடுக்கணும்? எனக்குப் புடிக்காத கிழங்க விடறேன்னு சொன்னா அந்தம்மா சிரிக்கமாட்டாளா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட சொல்லாத. சாகக் கெடக்கறோம்போலன்னு பயந்துக்குவா" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் செய்தது பெரிய காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மொயீஸ்கூட அன்று அவர் எதிரில் புகை பிடிக்காமல் எழுந்து தள்ளிப் போனான். தூரத்தைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

நினைவு வந்தது பாறையடியில்.

தெற்கே எங்கோ புல்வெளி பற்றி எரிந்துகொண்டிருந்தது. தீ எங்கள் பக்கம் வரவில்லை, புகை வந்தது. சூரியன் செப்புத் தட்டுபோல் வெறுமனே தொங்கியது. வேறு வருஷமாக இருந்தால் வெளிக்கு அப்பால் தூரத்தில் தெரிகிற குன்றை வைத்து, சுங்கான் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அன்று முன்னால் போகிற வண்டிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தடத்தைப் பிடித்துப் போய்விடலாம் என்றால், அந்த வெளியில் தடம் என்று ஒன்று இல்லை. உப்புப் பொருக்கு உடைந்து சக்கரம் அழுந்துவதால் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொருவரும் புதுத் தடம் போட்டிருப்பார்கள். சீப்பு இழுத்ததுபோல் நூறு தடங்கள் பக்கம் பக்கமாக ஓடும். ஊற்று அவை எதிலும் இல்லை. சரியான இடத்தில் விலகினால்தான் உண்டு.

தண்ணீருக்கும் நெருக்கடி. இரண்டு பீப்பாய்களில் ஒன்று காய்ந்து பலகை விலகி வழியிலேயே ஒழுகிவிட்டது. மற்றதில் இருந்ததை மெலானிக்கென்று தூசான் ஒதுக்கிவைத்தார். வழியில் கிடந்த குட்டைகளெல்லாம் உப்பு; மாடு வாய் வைத்தால் கழிந்தே செத்துப்போகும்.

பாறை அருகே வந்ததும் ஒனெசீம் பழக்கத்தில் இடுப்புக் கச்சைக்குள் கையை விட்டார். விட்ட கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்து மொயீஸுக்குத்தான் முதலில் புரிந்தது.

"ஐயையோ," என்றான். "அளவுகோல சாமிக்குக் குடுத்துட்டாரு!"

வண்டிகள் நின்றன. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

"பத்த வெக்கறது பாவமா, இழுக்கறது பாவமா? பத்த வெச்சு கையில புடிச்சுகிட்டு நடங்களேன்."

"இழுக்கலன்னா எப்டிடா எரியும்?"

"காத்து இழுக்கும்."

"இன்னிக்கி எங்கடா காத்து?"

"நான் புடிக்கறேன் அண்ணே. சும்மா புடிக்கறேன்," என்றான் மொயீஸ்.

"நீ உங்கப்பன் புள்ள. படுத்த எருமைலேருந்து இந்தா நிக்கற மாடு வரைக்கும்கூட உன் சுங்கான் தாங்காது," என்றார் ஒனெசீம்.

கடைசியில் அவர் கண் என் மேல் வந்து நின்றது. நான் புகை பிடிப்பதில்லை. கல்யாணத்தன்று அவரே கொடுத்த சுங்கானை ஒரு இழுப்பு இழுத்து, விருந்து நடுவில் எழுந்து ஓடியவன் நான்.

"மாப்ள, நீதான் சரி," என்றார். "இவனுங்க ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பழக்கம் இருக்கு. சொன்னாலும் மாறாது. உனக்கு எந்தப் பழக்கமும் கெடயாது. நான் இழுக்கறபடி உன்ன இழுக்க வெக்கலாம்."

அவருடைய சுங்கானையே கொடுத்தார். வாயில் கடித்துப் பிடிக்கிற கடிவாயில் அவர் பல் பதிந்து பள்ளமாகியிருந்தது. அவரே புகையிலையை அடைத்து, கட்டைவிரலால் அழுத்திக்காட்டினார். நெருப்பை மட்டும் மொயீஸ் வைத்தான்.

"மெதுவா! கன்னுக்குட்டி மடிய முட்டற மாதிரி முட்டாத. மூணு சின்ன இழுப்பு. விடு. இப்ப ஒரு நீள இழுப்பு. விடு. மாடு நடக்கறதப் பாரு. சுங்கானப் பாக்காத."

முதல் வண்டிக்கு முன்னால் நாங்கள் இருவரும் நடந்தோம். புகை என் கண்ணைக் கரித்தது, தலை சுற்றியது. தீயின் புகை எது, என் புகை எது என்று தெரியவில்லை. அவர் என் தோளை ஒட்டி நடந்துகொண்டு, நான் விட்ட புகை தன் பக்கம் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்கில் ஏறினால்கூட அன்னம்மாள் கணக்கில் சேர்ந்துவிடுமோ என்று பயம்.

புகையிலை தீர்ந்து சாம்பலானது. "ஆயிருச்சு மாமா."

"தட்டு."

வண்டியின் முன்கட்டையில் சுங்கானை டொக், டொக் என்று தட்டிச் சாம்பலைக் கொட்டினேன். அவர் உடனே மறுபடி அடைத்துக் கொடுத்தார். அப்படித்தான் ஒவ்வொன்றும்.

மூன்றாவது சுங்கான் முடிந்த பிறகு மெலானிக்குத் தண்ணீர் கொடுக்கப் போனேன். கண்ணைத் திறக்காமலே, "அப்பா ஏன் இன்னிக்கு இப்டி அவசரப்படறாரு?" என்றாள்.

"அவசரமா? மாடு எப்பவும் போலத்தான் நடக்குது."

"நடக்கறத சொல்லல. தட்டறத சொல்றேன். கட்டையில தட்டுனா என் தலைக்குள்ளயே கேக்குது. சீக்கிரம் சீக்கிரம் தட்டறாரு."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. காய்ச்சல் பேச்சு என்று நினைத்து, ஈரத்துணியை மாற்றிப் போட்டுவிட்டு முன்னால் போய்விட்டேன்.

ஆறாவது சுங்கானையும் தட்டினேன். இடது பக்கம் திரும்பினோம். பள்ளம் வரவில்லை. வில்லோப் புதர் வரவில்லை. வெள்ளை உப்பும் சாம்பல் நிறப் புகையும்தான். தூசான் குதிரையில் ஏறி முன்னால் பார்த்துவரப் போனார். புகையில் அவர் திரும்ப வழி தெரிய வேண்டுமே என்று, மொயீஸ் ஒரு வண்டியை நின்ற இடத்திலேயே வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் அச்சுக்கு நாங்கள் எண்ணெய் போடுவதில்லை. புழுதி ஒட்டி அச்சைத் தின்றுவிடும். அதனால் அது போடுகிற ஓலம் புகைக்குள்ளும் போகும். அந்த ஓலத்தைப் பிடித்துக்கொண்டுதான் தூசான் திரும்பி வந்தார். குதிரையின் முழங்கால் வரை உப்பு.

"ஒண்ணுமில்ல," என்றார்.

மாடுகள் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுத் தூசான் எல்லோரையும் கூப்பிட்டார்.

"திரும்பிருவோம். தாண்டி வந்த ஓடைக்கே போயிருவோம். மாட்டுக்கு இன்னும் ஓடை வரைக்கும் தெம்பிருக்கு. இங்க தேடிக்கிட்டிருந்தா அதுவும் போயிரும்."

ஓடைக்கு அன்றும் போக வேண்டும், மறுநாளும் போக வேண்டும். பீப்பாயில் மெலானிக்கு இருந்த தண்ணீர் அன்று மாலை வரைக்கும் காணாது. இது தூசானுக்கும் தெரியும். அதனால்தான் அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

பின்வரிசை வண்டிக்காரன் ஒருவன் சொன்னான்: "பொண்ணுக்கு நேந்துகிட்டாரு, சரி. எங்களுக்கு யாரு நேந்துகிட்டா?"

மொயீஸ் அவனை அடிக்கப் போய்விட்டான். இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

ஒனெசீம் பாறை இருந்த திசையைப் பார்த்தார், முன்னால் இருந்த புகையைப் பார்த்தார். நடந்து வந்த வழியை மனதுக்குள் திரும்ப நடந்து பார்க்கிறார் என்று தெரிந்தது. "தாண்டி வந்துட்டோமா, இன்னும் வரலியா, தெரியல," என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. "தூசான் சொல்றபடியே செய்ங்க. நான் தப்பு பண்ணிட்டேன்."

மெலானியிடம் நான்தான் சொல்ல வேண்டும். வண்டிகள் நின்றதால் அவள் விழித்திருந்தாள். உதடு வெடித்திருந்தது, கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"திரும்பிப் போறோம்," என்றேன். "ஆறு சுங்கானும் முடிஞ்சுபோச்சு. ஊத்தக் காணோம்."

"எங்க முடிஞ்சுது?" என்றாள்.

"ஆறு தடவ தட்டியாச்சு மெலானி."

"தட்டினா முடிஞ்சுதா? அப்பா இன்னிக்கு ஒரு சுங்கான்கூட முழுசாப் புடிக்கல, எல்சி. எல்லாத்தயும் பாதியில பாதியில தட்டிட்டாரு. நான் காலைலேருந்து சொல்றேன்."

"பாதியில இல்ல. புகையில தீந்த பெறகுதான் தட்டினது."

"அதத்தான் சொல்றேன். தீந்த உடனே அப்பா எப்பத் தட்டினாரு? தீ அணைஞ்ச பெறகும் வாயிலயே கடிச்சுகிட்டு நடப்பாரு. ரொம்ப நேரம் நடப்பாரு. அப்புறந்தான் தட்டுவாரு."

இனி மறைக்க முடியாது. "மெலானி, இன்னிக்கு அப்பா புடிக்கல. நான் புடிச்சேன்." நேர்த்திக்கடனையும் சொல்லிவிட்டேன்.

அவள் பயப்படவில்லை. வெடித்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தாள். "நீயா? அதான் நடுவுல ஒரு ஆள் வாந்தி எடுத்த சத்தம் கேட்டுதா!" பிறகு சிரிப்பு நின்றது. "அப்பாவக் கூப்பிடு."

ஒனெசீம் வந்தார். வண்டியின் முன்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூசானும் மொயீஸும் பின்னால் வந்தார்கள். அவள் என்னிடம் சொன்னதையே சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. தீந்தா தட்டிருவேன். அணைஞ்ச சுங்கான வாயில வெச்சுகிட்டு நான் என்ன பண்ணப்போறேன்?"

"அம்மாகூடப் பேசுவ."

தூசான் தொப்பியைக் கழற்றினார்.

"சின்னதுல இங்கதான படுத்திருப்பேன்," என்றாள் அவள். "பலக இடுக்கு வழியா உன் கன்னம் தெரியும். புகை வர்றப்ப கன்னம் குழியும். அப்புறம் புகை நின்னுரும். ஆனா உதடு அசையும். ஒரு தடவ காத்து இந்தப் பக்கம் அடிச்சப்ப அம்மா பேரு கேட்டுது. அதுலேருந்து நீ தட்டற வரைக்கும் நான் கூப்பிடமாட்டேன். தண்ணி வேணும்னாலும், ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிட்டுக் கெடப்பேன். டொக்குன்னு தட்டினதும், 'அப்பா!'ம்பேன். நீகூட, 'இவளுக்கு எப்பவும் நான் சாம்பலக் கொட்டறப்பத்தான் வரும்'னு திட்டுவ. மறந்துட்டியா?"

ஒனெசீம் மறக்கவில்லை. அவர் முகம் மெல்ல மாறியது. கையில் இருந்த சுங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிவாயில் அந்தப் பள்ளம் அவ்வளவு ஆழமாக விழுந்தது எப்படி என்று அப்போதுதான் அவருக்கே கேள்வி வந்ததுபோல் இருந்தது. அத்தனை வருஷமாக அவர் நிலத்தை அளந்தது புகையால் மட்டும் அல்ல. ஒரு பங்கு தூரம் தீயோடு நடந்திருக்கிறார், மறு பங்கு இறந்துபோன மனைவியோடு. இரண்டையும் சேர்த்து ஒரு சுங்கான் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார், தனக்குத் தெரியாமலே.

முதலில் வாய் திறந்தவன் மொயீஸ். "ஒம்பது!" என்று கத்தினான். "எங்கப்பா வெறும் புகைய வெச்சு ஒம்பதுன்னாரு. இவரு ஆறுங்கறாரு. ஆறுல அணைஞ்ச பங்கச் சேத்தா ஒம்பதுதான் வரும்! எங்கப்பா பொய் சொல்லலடா!"

"மூச்சு ஜாஸ்தின்னுதானே சொன்னேன்," என்றார் ஒனெசீம்.

தூசான் வானத்தைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார். "அப்ப இன்னும் வரலன்னு அர்த்தம். முன்னாலதான் இருக்கு," என்றார். "ஒனெசீம், என்ன சொல்ற? திரும்பினா ஓடை நிச்சயம். முன்னால போயி இல்லன்னா, திரும்பறதுக்கு மாடு இருக்காது."

ஒனெசீம் மகளைப் பார்த்தார். "நீ நல்லாத்தான பேசற? காய்ச்சல்ல பேசலியே?"

"காய்ச்சல்லதான் பேசறேன். ஆனா நெசத்தச் சொல்றேன்."

"முன்னால போலாம்," என்றார் ஒனெசீம்.

இடப்பக்கம் விலகி வந்த வழியிலேயே தடங்களுக்குத் திரும்பினோம். நான் சுங்கானுக்குக் கை நீட்டினேன். மெலானி உள்ளிருந்து, "அவன் போதும். மூஞ்சியப் பாருங்க, பச்சையா இருக்கு," என்றாள். "புகை பங்குதான் முடிஞ்சுதே. விட்டுப்போனது அணைஞ்ச பங்குதான? அத அப்பாதான் நடக்கணும். அணைஞ்ச சுங்கானுக்கு அன்னம்மாள் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

மொயீஸ் சுங்கானை வாங்கி, ஒரு துணுக்குச் சாம்பலும் இல்லாமல் குச்சியால் சுரண்டி, துடைத்துக் கொடுத்தான். ஒனெசீம் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் தயங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயில் வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதுவரை அவருக்கே தெரியாத ஒன்றை இப்போது இத்தனை பேர் தெரிந்துகொண்டு நிற்கிறோம். தூசான் அதைப் புரிந்துகொண்டு, "என்னடா வேடிக்கை? அவனவன் வண்டிக்குப் போ!" என்று அதட்டினார். நாங்கள் கலைந்தோம். நான் மெலானி இருந்த பக்கமாகப் போய், சக்கரத்தை ஒட்டி நடந்தேன்.

அச்சுகள் ஓலமிட ஆரம்பித்தன. ஒனெசீம் தனியே முன்னால் நடந்தார். முதலில் முதுகு விறைப்பாக இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு தோள் தளர்ந்தது. பிறகு தலை, பக்கத்தில் வருகிற யாரையோ கேட்பதுபோல் ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. பார்ப்பது சரியில்லை என்று பட்டது.

டொக், டொக்.

"ஒண்ணு," என்றாள் மெலானி. "எல்சி, தண்ணி குடு."

அவள் அதுவரை தாகத்தை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பீப்பாயின் அடியிலிருந்து சாய்த்து ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த தட்டலுக்குப் பிறகும் கொடுத்தேன். அதற்கடுத்ததற்குப் பிறகு பீப்பாயைத் தலைகீழாகக் கவிழ்த்துத் துணியை நனைத்து, அவள் உதட்டில் வைத்தேன். நான்கு என்றாள். ஐந்து என்றாள். குரல் தேய்ந்துகொண்டே வந்தது. மாடுகளில் ஒன்று பின்வரிசையில் படுத்துவிட்டது. அதை அவிழ்த்து விட்டு, அந்த வண்டியை அப்படியே விட்டோம்.

ஆறாவது பங்கு நடந்துகொண்டிருந்தபோது, முதல் வண்டி மாடு திடீரென்று மூக்கை உயர்த்தியது. காற்றே இல்லாத அந்தப் புகையில் அதற்கு எதுவோ எட்டியிருக்க வேண்டும். இடது பக்கம் கழுத்தைத் திருப்பி ஒரு கத்தல் கத்தியது. பின்னாலிருந்த மாடுகள் எல்லாம் பதில் கொடுத்தன. மொயீஸ் தன் மாட்டின் கொம்பில் தொங்கிக்கொண்டே, "தண்ணி! தண்ணி மோந்துருச்சு! அண்ணே!" என்று கத்தினான்.

ஒனெசீமுக்குக் காதில் விழவில்லை. வாயில் அணைந்த சுங்கானோடு, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி நேராக நடந்துகொண்டே இருந்தார். தூசான் குதிரையை முன்னால் விரட்டினார். வண்டியைத் தாண்டும்போது உள்ளிருந்து மெலானியின் கை வெளியே நீண்டது.

"தட்டட்டும்," என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

தூசான் கடிவாளத்தை இழுத்தார். குதிரையும் தண்ணீரை மோந்துவிட்டது, நிற்காமல் குதித்தது. நான் முதல் மாட்டின் கழுத்தைக் கட்டிப்பிடித்து நேரே தள்ளினேன். பின்னால் ஒவ்வொருவனும் தன் மாட்டோடு மல்லுக்கட்டினான். கெட்ட வார்த்தை காதில் விழுந்தது, ஆனால் எல்லாம் மாட்டைத்தான் திட்டினார்கள். 'எங்களுக்கு யாரு' என்று கேட்ட பின்வரிசைக்காரன்கூட வாயைத் திறந்து அவரைக் கூப்பிடவில்லை. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரு கிழவர் பேசி முடிப்பதற்காகக் காத்திருந்தோம்.

அவர் நின்றார். திரும்பினார். வண்டியின் முன்கட்டை தன் கைக்கு வரும்வரை பொறுத்து, டொக், டொக் என்று தட்டினார்.

"அப்பா," என்றாள் மெலானி, உள்ளிருந்து.

"என்னம்மா?"

"இடது பக்கம்."

பள்ளத்தின் விளிம்பு ஒரு கல்லெறி தூரம்கூட இல்லை. வில்லோப் புதர்கள் இலை கொட்டி நின்றன. மாடுகளை அதற்குமேல் யாரும் பிடிக்கவில்லை. வண்டியோடு இறங்கி ஓடின. மொயீஸ் முழங்காலில் விழுந்து குடித்துவிட்டு எழுந்து, மேலே பார்த்துக் கும்பிட்டு, "ஒம்பது, அப்பா, ஒம்பது" என்று அழுதான். நான் வாளியில் தண்ணீர் மொண்டு, மெலானிக்குக் குடிக்கக் கொடுத்து, மறுபடி மொண்டு, காலைக் கழுவ அடுப்பு மூட்டினேன்.

மூன்று இரவு அங்கேயே தங்கினோம். படுத்துவிட்ட மாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள், அது பிழைக்கவில்லை. வெந்நீரில் கழுவிக் கழுவி, மெலானியின் புண்ணிலிருந்து சீழ் இறங்கியது. காய்ச்சலும் இறங்கியது. ஆனால் காலை ஊன்ற முடியவில்லை. இரண்டாம் நாள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மொயீஸ் ஓடிப்போய்ச் சுங்கானை அடைத்து எடுத்து வந்தான். ஒனெசீம் வாங்கவில்லை.

"சக்கரம் நிக்குது. அவ எங்க நிக்கறா?" என்றார்.

சஸ்காச்சுவன் ஆற்றங்கரையில்தான் அவள் நின்றாள். அக்கரைக்குப் போக வண்டிகளின் சக்கரங்களைக் கழற்றி, தோல் சுற்றித் தெப்பமாகக் கட்டிக்கொண்டிருந்தோம். பிடிக்க ஒரு சக்கரமும் மிச்சமில்லை. அவளாக எழுந்து, கைகளை விரித்து, நொண்டி நொண்டி, அப்பா எதிரில் வந்து வலது காலை ஊன்றி நின்றாள். ஒனெசீம் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கச்சைக்குள் கையை விட்டார்.

அக்கரையில் மறுபடி வண்டிகளைப் பூட்டி நடக்க ஆரம்பித்தபோது அவர் முன்னால் நடந்தார். முதல் வண்டியில் மெலானி, பக்கத்தில் நான். மூன்று சின்ன இழுப்பு, ஒரு நீள இழுப்பு. புகை சுருண்டு சுருண்டு எங்கள் மேல் வந்தது. பிறகு மெலிந்தது. பிறகு நின்றது.

நின்ற உடனே, அவர் சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். எங்களைத் திரும்பிப் பார்க்காமலே, பின்னால் கையை நீட்டி, அவசரமாக முன்கட்டையில் தட்டினார்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் தனக்கென்று வைத்திருந்த இடத்தில் ஊரே வந்து நின்றுவிட்டது.

"அப்பா," என்றாள் மெலானி. "சீக்கிரம் தட்டிட்ட."

அவர் நடையை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் சுங்கான் கையிலேயே தொங்கிக்கொண்டு வந்தது. பிறகு அது மெதுவாக மேலே, வாய்க்குப் போயிற்று.

மெலானி உதட்டில் விரல் வைத்து எனக்குச் சைகை காட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.